புண்ணாற்றும் நீர்க்களி

"புண் காய்ந்துவிட்டதா?" என்றுதான் நாம் ஒருவரை ஒருவர் விசாரிக்கிறோம். புண் ஆறுவதும் காய்வதும் நம் பேச்சு வழக்கில் ஒன்றே. புண்ணில் ஈரம் படக்கூடாது, காற்றுப்பட விட வேண்டும், பொருக்குத் தட்டிவிட்டால் கவலையில்லை என்பன தலைமுறை தலைமுறையாக வந்த கருத்துகள். நம் நாட்டில் மட்டுமன்று, மேலை நாட்டு மருத்துவமனைகளிலும் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஏறக்குறைய இதே கருத்துதான் நிலவியது. ஆனால், இன்று தீப்புண்ணின் மேல் மருத்துவர் இடும் கட்டுகளுள் ஒன்று, பெரும்பகுதி நீராலேயே ஆன ஒரு களித் தகடு! அத்தகட்டிற்குள் மருந்தை அடைத்து, அது சிறிது சிறிதாகப் புண்ணில் இறங்குமாறு செய்யவும் அறிவியலார் முயன்று வருகின்றனர். ஹைட்ரோஜெல் எனப்படும் இந்த நீர்க்களியின் வரலாற்றைக் காண்போம்.

இது நகரத்து மருத்துவமனைக்கு மட்டுமே உரிய செய்தி என்று எண்ண வேண்டாம். திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கும் ஜவ்வாது மலையை எடுத்துக்கொள்வோம். காவலூரில் 1986ஆம் ஆண்டு முதல் 2.34 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி வானை ஆராய்ந்து வருவதும் இம்மலையில்தான். அதே மலையில் சாமை அறுக்கும்போது அரிவாள் பட்டோ, வெறுங்காலில் முள் தைத்தோ புண்படுவோர் பலர். பேருந்துச் சாலையிலிருந்து விலகியுள்ள சிற்றூரில் வாழும் ஒருவருக்கு நாள்தோறும் கட்டு மாற்ற வேண்டும் என்றால், நாள்தோறும் புண்பட்ட காலுடன் நடக்க வேண்டும் என்று பொருள். ஒரு நாள் கூலியும் போகும். ஒருமுறை இட்ட கட்டு மூன்று நாள் தாங்கினால், மூன்று நடை ஒரு நடையாகக் குறையும். ஆகவே, மருந்து எது என்னும் கேள்வியோடு, அது எவ்வளவு நேரம் தங்கும் என்னும் கேள்வியும் சேர்ந்தே எழுகிறது. புண்கட்டின் வரலாறு பெரிதும் இந்த இரண்டாம் கேள்வியின் வரலாறு எனலாம்.

கிருமியைக் கொல்லும் கட்டு

1865ஆம் ஆண்டு கிளாஸ்கோ நகரில் ஜோசப் லிஸ்ட்டர் என்னும் அறுவை மருத்துவர், கால் எலும்பு முறிந்து தோலும் கிழிந்திருந்த ஒரு சிறுவனின் காயத்தில் கார்பாலிக் அமிலத்தில் தோய்த்த துணியை வைத்துக் கட்டினார். அக்காலத்தில் இத்தகைய காயம் சீழ் பிடிப்பதும், காலை வெட்டி எடுப்பதும் வழக்கம். அச்சிறுவன் காலுடன் பிழைத்தான். நுண்ணுயிர்களே அழுகலுக்குக் காரணம் என்ற பாஸ்டரின் கருத்து, புண்கட்டில் செயல்வடிவம் பெற்றது.

ஆனால், கிருமிநாசினிக்கு ஒரு குறை உண்டு. அது கிருமி எது, நம் உடலின் உயிரணு எது என்று பிரித்தறியாது. முதல் உலகப் போரின்போது பிரான்சு நாட்டில் பூலோன் நகரத்து இராணுவ மருத்துவமனையில் அலெக்சாண்டர் பிளெமிங் இதனை ஆராய்ந்தார். கண்ணாடிக் குழாயைச் சூடாக்கி, அதன் பக்கங்களில் கூர்கூராக இழுத்து, ஒழுங்கற்ற போர்க்காயத்தைப் போன்ற ஒரு மாதிரியைச் செய்தார். அதில் கிருமிநாசினியை ஊற்றினாலும் மூலைமுடுக்குகளில் உள்ள கிருமிகள் தப்பிவிட்டன! மேலும், அம்மருந்து கிருமிகளைக் கொல்வதைவிட வேகமாக, அவற்றோடு போரிடும் வெள்ளை அணுக்களையே கொன்றது. உடலைத் தாக்காமல் கிருமியை மட்டும் தாக்கும் பொருள் தேவை என்பது தெளிவாயிற்று. அதே பிளெமிங் 1928ஆம் ஆண்டு பெனிசிலினைக் கண்டறிந்தது நாம் அறிந்த வரலாறு.

மருந்து கிடைத்தது, தங்கவில்லை

1941ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் ஆக்ஸ்ஃபோர்டு நகரில் ஆல்பர்ட் அலெக்சாண்டர் என்னும் காவலருக்குப் பெனிசிலின் ஊசி போடப்பட்டது. அவருடைய முகம் முழுவதும் சீழ் பிடித்து, ஒரு கண்ணும் போயிருந்தது. சில நாள்களிலேயே வியக்கத்தக்க முன்னேற்றம் தெரிந்தது. ஆனால், உலகில் இருந்த பெனிசிலின் அவ்வளவுதான்! நோயாளியின் சிறுநீரிலிருந்து மருந்தைப் பிரித்தெடுத்து மீண்டும் செலுத்திப் பார்த்தனர். அதுவும் தீர்ந்தது. நோய் திரும்பியது. மார்ச் திங்களில் அவர் இறந்தார்.

சிறுநீரிலிருந்து ஏன் எடுக்க முடிந்தது? இரத்தத்தில் செலுத்தப்பட்ட பெனிசிலினில் பாதி, ஏறக்குறைய அரை மணி நேரத்திலேயே சிறுநீரகத்தின் வழியே வெளியேறிவிடுகிறது. ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றுவது போன்ற நிலை இது. ஆகவே, சில மணிக்கு ஒருமுறை ஊசி போட வேண்டியிருந்தது.

இதற்கு 1944ஆம் ஆண்டு அமெரிக்க இராணுவ மருத்துவர் மன்ரோ ரொமான்ஸ்கி கண்ட வழி எளிமையானது. பெனிசிலினை வேர்க்கடலை எண்ணெயிலும் தேன் மெழுகிலும் குழைத்துத் தசையில் செலுத்தினார். மெழுகுக் குழம்பிலிருந்து மருந்து மெல்ல மெல்லக் கசிந்ததால், ஓர் ஊசியின் பயன் ஏறக்குறைய ஒரு நாள் நீடித்தது. ஜவ்வாது மலையின் தேனடையும், அடிவாரத்து மணிலாக் கொட்டையும் கண்ட நமக்கு இப்பொருள்கள் புதியன அல்ல. ஆனால், அவற்றை ஒரு மருந்தின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவியாகப் பயன்படுத்தியது புதுமை. மருந்தின் ஆற்றல் அதன் மூலக்கூறில் மட்டுமின்றி, அது பொதியப்பட்ட பொருளிலும் உள்ளது என்ற கருத்து இதில் வெளிப்பட்டது.

ஈரத்தின் வெற்றி

காய்ந்த புண்ணே நல்ல புண் என்ற நம்பிக்கைக்கு 1962ஆம் ஆண்டு ஒரு சோதனை வந்தது. ஜார்ஜ் வின்ட்டர் என்னும் ஆங்கிலேய ஆய்வாளர், பன்றியின் தோலில் ஒரே அளவான மேலோட்டமான புண்களை உண்டாக்கி, சிலவற்றைக் காற்றில் விட்டார். சிலவற்றைப் பாலிதீன் படலத்தால் மூடினார். மூடப்பட்ட, ஈரமான புண்களில் புதுத்தோல் ஏறக்குறைய இரு மடங்கு வேகமாகப் பரவியது. அடுத்த ஆண்டே மனிதத் தோலிலும் இதையொத்த முடிவு கிடைத்தது.

காரணம் எளிது. புதுத்தோலை உண்டாக்கும் உயிரணுக்கள் புண்ணின் விளிம்பிலிருந்து நகர்ந்து வருகின்றன. அவை ஈரப் பரப்பில்தான் நகர முடியும். பொருக்குத் தட்டிய புண்ணில், காய்ந்த அடுக்கிற்கு அடியே ஈரம் இருக்கும் ஆழம் வரை அவை துளைத்துச் செல்ல வேண்டும். உழாத கட்டாந்தரையில் நடவு செய்ய முடியாதது போன்றது இது. காய்ந்த துணிக்கட்டைப் பிய்த்தெடுக்கும்போது, முளைத்த இளந்தோலும் உடன் பிய்ந்துவிடுவது வேறு.

ஈரத்தைக் காக்க ஏற்ற பொருள் அதற்குச் சற்று முன்னரே பிறந்திருந்தது. செக்கோசுலோவாக்கிய வேதியியலார் ஆட்டோ விக்டெர்லே, டிராஹோஸ்லாவ் லிம் இருவரும் 1960ஆம் ஆண்டு, நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் செயற்கைப் பலபடிக் களிகளை உடலுக்குள் பயன்படுத்தலாம் என்று எழுதினர். 1961ஆம் ஆண்டு இறுதியில் விக்டெர்லே தம் வீட்டில், பிள்ளைகளின் விளையாட்டுக் கட்டுமானத் துண்டுகளையும் மிதிவண்டி டைனமோவையும் கொண்டு ஒரு பொறியமைத்து, அக்களியால் மென்மையான கண்வில்லைகளை வார்த்தெடுத்தார்.

களி என்பது யாது? கேழ்வரகுக் களி, நுங்கு, கற்றாழையின் உட்சோறு ஆகியவற்றை நினைத்துப் பாருங்கள். இவற்றில் பெரும்பகுதி நீர். ஆயினும் நீர் ஓடுவதில்லை. நீண்ட சங்கிலி போன்ற மூலக்கூறுகள் வலைபோல் பின்னி நீரைப் பிடித்து வைத்துள்ளன. புண்கட்டுக்கான களியில் இச்சங்கிலிகளை இடையிடையே குறுக்குப் பிணைப்புகளால் கட்டுகிறார்கள். பிணைப்பு மிகுந்தால் களி இறுகும், குறைந்தால் குழையும். இத்தகடு புண்ணில் ஒட்டிக்கொள்வதில்லை, எரிச்சலைத் தணிக்கிறது, ஒளி ஊடுருவும் தன்மையதாயின் கட்டை அவிழ்க்காமலே புண்ணைப் பார்க்கலாம்.

களிக்குள் மருந்தின் பயணம்

இனி, இக்களிக்குள் ஆண்டிபயாடிக் எனப்படும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைக் கரைத்து வைப்போம். அது எப்படி வெளிவரும்? மருந்தின் மூலக்கூறுகள் நீரின் மூலக்கூறுகளால் எல்லாப் பக்கமும் இடிபட்டு, தள்ளாடித் தள்ளாடி நகர்கின்றன. இதுவே விரவல். 1905ஆம் ஆண்டு ஐன்ஸ்டைன் இதற்குக் கண்ட விதி நமக்கு உதவும்: கடக்கும் தொலைவு இரு மடங்கானால், ஆகும் நேரம் நான்கு மடங்காகும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். களியில் மருந்தின் விரவல் எண் வினாடிக்கு 5×10⁻¹⁰ சதுர மீட்டர் என்று கொள்வோம். தொலைவின் வர்க்கத்தை விரவல் எண்ணின் இரு மடங்கால் வகுத்தால் நேரம் கிடைக்கும். 1 மில்லிமீட்டரைக் கடக்க 1000 வினாடி, அதாவது ஏறக்குறைய 17 நிமிடம். 3 மில்லிமீட்டருக்கு 9000 வினாடி, அதாவது இரண்டரை மணி. 1 சென்டிமீட்டருக்கு 28 மணி.

இதிலிருந்து தெரிவதென்ன? சில மில்லிமீட்டர் கனமுள்ள வெறுங்களித் தகடு தன் மருந்தின் பெரும்பகுதியைச் சில மணி நேரத்திலேயே கொட்டிவிடும். மூன்று நாள் தாங்க வேண்டுமானால் மருந்தைத் தடுத்து நிறுத்த ஏதேனும் உபாயம் வேண்டும். வலைக்கண்ணைச் சிறிதாக்கலாம், எதிர்மின்னூட்டம் கொண்ட சங்கிலியில் நேர்மின்னூட்டமுள்ள மருந்தைப் பற்ற வைக்கலாம், மருந்தை நுண்ணிய மணிகளுக்குள் அடைத்து அம்மணிகளைத் தகட்டில் பதிக்கலாம்.

1961ஆம் ஆண்டு அமெரிக்க அறிஞர் டக்கேரு ஹிகுச்சி, களிம்பிலிருந்து மருந்து வெளிவரும் அளவு நேரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்று காட்டினார். முதல் ஒரு மணியில் 10 விழுக்காடு வெளிவந்தால், 20 விழுக்காட்டிற்கு 4 மணியும், 30 விழுக்காட்டிற்கு 9 மணியும் ஆகும். தொடக்கத்தில் வெள்ளம், பிறகு ஓடை, இறுதியில் கசிவு! இந்தக் கடைசிக் கசிவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் அது நமக்குத் தேவைப்படும்.

மாணவர்கள் இதனைச் செய்து பார்க்கலாம். கடைகளில் கிடைக்கும் அகர்-அகர் கடற்பாசியைக் காய்ச்சி, ஒரு நீண்ட கண்ணாடிக் குழாயில் ஊற்றி உறைய விடுங்கள். அதன் மேல் நீல மையைச் சிறிது ஊற்றுங்கள். 1, 4, 9 மணி நேரங்களில் நிறம் இறங்கிய தொலைவை அளந்தால், அவை ஏறக்குறைய 1 : 2 : 3 என்னும் விகிதத்தில் அமையக் காண்பீர்கள்.

சென்னையின் பங்கு

இந்த வரலாற்றில் தமிழகத்திற்கும் ஓர் இடம் உண்டு. ஜவ்வாது மலைக்கு வடக்கே பாலாற்றுச் சமவெளியில் வாணியம்பாடியும் ஆம்பூரும் தோல் பதனிடுதலுக்குப் பெயர் பெற்றவை. தோலின் வலிமைக்குக் காரணமான புரதம் கொலாஜன். அதன் மூலக்கூறு அமைப்பைக் கண்டறிந்தவர் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் கோ. நா. இராமச்சந்திரன். சென்னைக்கு வந்த ஆங்கிலேய அறிஞர் பெர்னால், கொலாஜனின் அமைப்பு இன்னும் விளங்கவில்லை என்று பேச்சுவாக்கில் சொன்னது இவரை ஈர்த்தது. கங்காரு வாலின் தசைநாணில் எக்ஸ் கதிர்களைச் செலுத்தி ஆராய்ந்து, 1954ஆம் ஆண்டு கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து கொலாஜன் மூன்று இழைகளால் ஆனது என்று அறிவித்தார். மறு ஆண்டே அம்மூன்றும் கயிறுபோல் முறுக்கிய சுருள் எனத் திருத்தமாக விளக்கினார். ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் மிகச் சிறிய அமினோ அமிலமான கிளைசின் அமைவதால்தான் மூன்று இழைகளும் நெருங்கிச் சுற்ற முடிகிறது.

தோல் பதனிடுதல் என்பதே கொலாஜன் இழைகளிடையே குறுக்குப் பிணைப்புகளை உண்டாக்குவதுதான். மிகுதியாகப் பிணைத்தால் காலணித் தோல். அளவாகப் பிணைத்தால், புண்ணின் மேல் சில நாள் தங்கி, நீரை ஏந்தி, பிறகு உடலிலேயே கரையும் மென்தகடு! 1948ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட சென்னை மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் இவ்விரு துறையிலும் உழைத்தது. அங்கு மேரி பாபுவும் உடன் ஆய்வாளர்களும் 2006ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், தீப்புண்ணுக்கான சில்வர் சல்ஃபாடயசின் மருந்தைக் கடற்பாசியிலிருந்து கிடைக்கும் ஆல்ஜினேட் நுண்மணிகளில் அடைத்து, அம்மணிகளைக் கொலாஜன் தகட்டில் பதித்தனர். 2009ஆம் ஆண்டு ஆய்வில் டாக்சிசைக்ளின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லியை ஜெலட்டின் நுண்மணிகளில் அடைத்து அவ்வாறே செய்தனர். மேலே சொன்ன உபாயங்களுள் மூன்றாவது இது என்பதை உணர்வீர்கள்.

மும்பைக்கு அருகே டிராம்பேயில் பாபா அணு ஆராய்ச்சி மையம் மற்றொரு வழியைக் கையாண்டது. பாலிவினைல் ஆல்கஹால் என்னும் பலபடியின் நீர்க்கரைசலில் காமாக் கதிர்களைச் செலுத்தினால், வேறு வேதிப்பொருள் இன்றியே சங்கிலிகள் பிணைந்து களியாகின்றன. அதே கதிர் கிருமிகளையும் அழித்துவிடுகிறது. ஒரே வேலையில் இரு பயன்! தீப்புண்ணுக்கான இக்களித் தகடு, தொழில் நிறுவனத்திற்கு நுட்பம் அளிக்கப்பட்டு விற்பனைக்கும் வந்தது. தேனும் புண்ணுக்கு மருந்தென்பது மலைமக்கள் அறிந்ததே. இன்று மருத்துவத்தில் பயன்படும் தேனையும் காமாக் கதிரால் தூய்மை செய்தே தருகிறார்கள். ஏனெனில், பச்சைத் தேனில் சில நுண்ணுயிர்களின் வித்துகள் இருக்கக்கூடும்.

எதிர்பாராத முடிவு

இதுவரை படித்தவர்கள், மருந்து கசியும் களியே இனி எல்லாப் புண்ணுக்கும் கட்டு என்று எண்ணலாம். வரலாறு அவ்வளவு நேராகச் செல்லவில்லை.

ஜென்டாமைசின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லி ஊறிய கொலாஜன் பஞ்சை அறுவைக் காயத்தில் வைக்கும் முறை 1980களில் ஐரோப்பாவில் பரவியது. சுவீடன் நாட்டில் இதய அறுவை செய்துகொண்ட 2000 பேரிடம் நடந்து, 2005ஆம் ஆண்டு வெளியான ஆய்வில் காயத் தொற்று 9 விழுக்காட்டிலிருந்து 4.3 விழுக்காடாகக் குறைந்திருந்தது. ஆனால், 2010ஆம் ஆண்டு அமெரிக்காவில் பெருங்குடல் அறுவை செய்துகொண்ட 602 பேரிடம் நடந்த ஆய்வில், பஞ்சு வைத்தவர்களுள் 30 விழுக்காட்டினருக்கும், வைக்காதவர்களுள் 20.9 விழுக்காட்டினருக்கும் தொற்று ஏற்பட்டது. நன்மை செய்ய வைத்த பஞ்சு தீமை செய்தது! மருந்து முதலிலேயே கொட்டித் தீர்ந்தபின் எஞ்சிய பஞ்சு காயத்தில் ஓர் அந்நியப் பொருளாகவே கிடந்தது என்பது கூறப்பட்ட விளக்கங்களுள் ஒன்று.

மற்றொரு கவலையும் உண்டு. பிளெமிங் 1945ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையிலேயே, குறைந்த அளவு பெனிசிலினுக்கு ஆட்படும் கிருமிகள் அதனைத் தாங்கப் பழகிவிடும் என்று எச்சரித்தார். கட்டின் இறுதி நேரக் கசிவை இங்கு நினைவுகூர்க. கிருமியைக் கொல்லப் போதாத, ஆனால் அதற்குப் பாடம் கற்பிக்கப் போதுமான அளவு அது! ஆகவேதான், தொற்று இல்லாத தூய புண்ணுக்கு நுண்ணுயிர்க்கொல்லிக் கட்டு பொதுவாகத் தேவையில்லை என்று இன்று மருத்துவர்கள் கருதுகின்றனர். களியை ஆக்குவோரின் முன்னுள்ள கடினமான பணி மருந்தைக் கசிய வைப்பது அன்று. வேண்டிய அளவில் கசியவைத்து, வேண்டிய நேரத்தில் அடியோடு நிறுத்துவதே.

வேலூர் தந்த பாடம்

மருந்தே இல்லாத ஒரு கட்டும் ஜவ்வாது மலைக்கு அருகிலேயே பெரும்பணி செய்தது. 1946ஆம் ஆண்டு வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் ஆறாத கால்புண்களை ஆராய்ந்தார். அவை நோயால் அழுகியவை அல்ல; உணர்விழந்த பாதத்தின் ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் அழுத்தம் விழுவதால் உண்டானவை என்று கண்டார். கால் முழுவதையும் அணைத்தவாறு மாவுக்கட்டுப் போட்டு, வாரக்கணக்கில் விட்டார். புண்கள் ஆறின. வேலூரை அடுத்த கரிகிரியில் 1955ஆம் ஆண்டு முதல் இயங்கிய தொழுநோய் ஆராய்ச்சி மருத்துவமனையிலும் இப்பணி தொடர்ந்தது.

இதில் உள்ளது பள்ளி இயற்பியலே. 600 நியூட்டன் எடை 20 சதுர சென்டிமீட்டரில் தாங்கினால் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 30 நியூட்டன். அதே எடை 150 சதுர சென்டிமீட்டரில் பரவினால் 4 நியூட்டன் மட்டுமே. அழுத்தம் குறையாத பாதத்தில் எத்துணை உயர்ந்த மருந்துக் களியை ஒட்டினாலும் புண் ஆறாது. சர்க்கரை நோயாளிகளின் கால்புண்ணுக்கும் இவ்வுண்மை பொருந்தும்.

மலையில் வாழும் ஒருவருக்கு எந்தக் கட்டு வேண்டும் என்ற கேள்விக்கு இப்போது ஓரளவு விடை கூறலாம். சில நாள் தங்கும் ஈரக்கட்டு அவருக்கு நடையை மிச்சப்படுத்தும். அதற்கு மருந்து கலந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால், அவிழ்க்காத கட்டின் கீழ் புண் சீழ் பிடித்தால், நாள்தோறும் பார்த்துச் சொல்லச் செவிலியர் அருகில் இல்லை. மருந்துக் களியின் தேவை இங்குதான் நகரத்தைவிட மிகுதி. அதன் தவறான அளவால் வரும் தீங்கும் இங்குதான் மிகுதி. காய்ச்சலோ, பரவும் சிவப்போ, துர்நாற்றமோ கண்டால் கட்டு எத்தனை நாளுக்கு உரியதாயினும் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். இரும்போ முள்ளோ பட்ட காயத்திற்கு வலிப்புசன்னித் தடுப்பூசியையும் மறக்கலாகாது.

லிஸ்ட்டரின் துணி முதல் இன்றைய நுண்மணித் தகடு வரை சென்ற 160 ஆண்டுகளில், கிருமியைக் கொல்லும் பொருள்கள் பல கிடைத்துவிட்டன. அவற்றை அளந்து, காலமறிந்து தருவதுதான் எஞ்சியுள்ள வேலை. அதற்கு வேதியியலும் மருத்துவமும் வேண்டும். விரவலை அளக்கும் இயற்பியலும் வேண்டும். கடற்பாசிக் களியில் நீல மை இறங்குவதைக் கடிகாரத்தோடு அளக்கும் மாணவர் அந்த வேலையின் முதல் படியில் நிற்கிறார்.